அத்தையின் எஸ்.என்.ஏ. டைரி

இரணியல் பக்கம் அத்தை வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினோம். மேலே பழைய வெள்ளைச் சேலைகள். அடியில் காக்கி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. அட்டையில் ஆங்கிலத்தில் 'எஸ்.என்.ஏ. டைரி, 1973–74' என்று குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே மாதாமாதம் நடந்த கூட்டங்களின் மினிட்ஸ், வரவு செலவுக் கணக்கு, கண்காட்சியில் வைத்த சார்ட்டுகளின் பட்டியல். நடுவில் ஒரு தாள் மட்டும் இல்லை. தையலோடு ஒட்டி விரல் அகலத்துக்கு மிச்சம் விட்டு யாரோ கிழித்திருந்தார்கள்.

"இது என்ன அத்தை?" என்று கேட்டேன்.

"அத எதுக்கு மக்கா இப்பம் தோண்டுக? பொறவு சொல்லுகேன்" என்று நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எஸ்.என்.ஏ. என்றால் மாணவ செவிலியர் சங்கம். நம் மாவட்டத்தில் நர்சிங் படித்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு. ஆனாலும் இந்தச் சங்கத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது அதிகம் இல்லை. அத்தையின் நோட்டை வைத்துக்கொண்டு நான் தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஒன்பது பேரில் தொடங்கியது

1905ல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கம் ஒன்று உருவானது. அதில் இருந்தது ஒன்பது பேர். ஒன்பது பேருமே ஐரோப்பியப் பெண்கள், ஆஸ்பத்திரிகளில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த மேட்ரன்கள். கண்காணிப்பாளர்களுக்கு மட்டும் சங்கம் இருந்தால் போதாது, பயிற்சி பெற்ற எல்லாச் செவிலியருக்கும் வேண்டும் என்ற எண்ணத்தில் 1908ல் இன்னொரு சங்கம் பிறந்தது. 1910ல் அதற்கென்று இதழ் வரத் தொடங்கியது. 1912ல் உலகச் செவிலியர் பேரவையோடு இணைந்தார்கள். 1922ல் இரண்டு சங்கங்களும் ஒன்றாகி இன்றைய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் (டி.என்.ஏ.ஐ.) ஆனது.

அதுவரை இந்த அமைப்பில் மாணவிகளுக்கு இடம் இல்லை. பயிற்சி முடித்துப் பதிவு பெற்றால்தான் உறுப்பினர். 1929ல்தான் மாணவிகளுக்கென்று எஸ்.என்.ஏ. தொடங்கப்பட்டது. தனிச் சங்கம் அல்ல, தாய்ச் சங்கத்தின் குடைக்குக் கீழே ஒரு பிரிவு. ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியிலும் ஒரு கிளை. அந்தக் கிளைக்கு ஆலோசகராக ஓர் ஆசிரியை. செயலாளர், பொருளாளர் வேலைகளை மாணவிகள் பார்ப்பார்கள்.

இது ஏன் முக்கியம் என்று புரிய அந்தக் காலத்து ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அன்று நர்சிங் மாணவி என்பவள் இன்றைய கல்லூரி மாணவி மாதிரி அல்ல. வார்டின் வேலைக்காரியும் அவள்தான். பெட்பேன் எடுப்பது, புண் கட்டுவது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது, காலையில் வகுப்பில் உட்காருவது எல்லாம் அவள் கணக்கில். பதிலுக்குச் சாப்பாடு, தங்கும் இடம், சிறு உதவித்தொகை. 1943ல் அமைக்கப்பட்ட போர் குழு 1946ல் அறிக்கை கொடுத்தபோது, நாடு முழுவதற்கும் பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 7,000 பேர்தான், அதாவது 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அப்படியானால் ஆஸ்பத்திரிகளை நடத்தியது யார்? பெரும்பகுதி மாணவிகள்தான். வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது, சங்கத்தில் ஓட்டு கிடையாது. எஸ்.என்.ஏ. அந்த இடைவெளியில் பிறந்த அமைப்பு.

நம்ம ஊரில்

நாஞ்சில் நாட்டுக்கு மேலைமருத்துவம் சீக்கிரமே வந்துவிட்டது. 1838ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் வேலையைத் தொடங்கினார். 1860களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் ஆண்களுக்கு மருத்துவ வகுப்பு எடுத்தார். எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் 1920களில் நெய்யூருக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் இங்கேயே அறுவைச் சிகிச்சை செய்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரி. இவர்களைப் பற்றியெல்லாம் புத்தகங்கள் உண்டு. இவர்கள் அறுத்துத் தைத்த உடம்புகளை ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட பெண்களின் பெயர்களைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது.

நர்சிங் அன்று மரியாதைக்குரிய வேலையாக இருக்கவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடவேண்டும், சாதி பார்க்காமல் அசுத்தம் எடுக்கவேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். அதனால் மற்றவர்கள் தயங்கினார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்கள், பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களிலிருந்து, போனார்கள். தோள்சீலைக்காகப் போராடிய பாட்டிகளின் பேத்திகள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு இல்லை. நம் ஊர்க் குடும்பங்களில் தலைமுறைக் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இன்னொரு விஷயம். நாம் எல்லைக்காரர்கள். சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் பதிவுச் சட்டம் 1926லேயே வந்துவிட்டது. திருவிதாங்கூர்-கொச்சியின் செவிலியர், தாதியர் சட்டம் 1953ல் வந்தது. மூன்றே வருடத்தில், 1956 நவம்பர் 1ல், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ராஜ்யமும் சட்டமும் மாறிக்கொண்டிருந்த ஊரில், எங்கே போனாலும் செல்லுபடியாகும் ஓர் அடையாளம் பெரிய விஷயம். நாடு முழுக்கக் கிளை உள்ள சங்கத்தில் உறுப்பினர் என்ற அட்டை அதைக் கொஞ்சம் கொடுத்தது. அத்தை அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தாளாம்.

டைரியில் இருப்பது

எஸ்.என்.ஏ.யின் பணிகள் என்னென்ன என்று இன்றும் நர்சிங் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி வரும். கூட்டங்களும் மாநாடுகளும் நடத்துவது, டைரி பராமரிப்பது, கண்காட்சி, மேடைப்பேச்சும் எழுத்தும், திட்டப்பணிகள், செவிலியர் தொழிலைப் பரப்புவது, நிதி திரட்டுவது, கலை மற்றும் பொழுதுபோக்கு. எட்டு பாயின்ட். அத்தையின் நோட்டில் எட்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

மே 12, நைட்டிங்கேல் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கிய கணக்கு. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுப்பது பற்றிக் கிராமத்தில் நடித்துக் காட்டிய நாடகம். கிறிஸ்துமஸுக்கு வார்டுகளில் பாட்டுப் பாடிப் பிரித்த காணிக்கை. மாநில மாநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்ப ரயில் செலவு. பேச்சுப் போட்டிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு முழுப்பக்க விவாதம்.

சும்மா விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் பத்தாம் வகுப்பு வரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண், பத்தொன்பது வயதில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, நிகழ்ச்சி நிரல் வாசித்து, போன மாத மினிட்ஸை ஒப்புதலுக்கு வைத்து, "யாராவது முன்மொழிகிறீர்களா?" என்று கேட்கிறாள். அதுவும் ஆங்கிலத்தில். அந்தக் காலத்தில் நம் ஊரில் வேறு எந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கிடைத்திருக்கும்? பஞ்சாயத்தில் இல்லை, சபைக் கமிட்டியில் இல்லை.

டைரியில் இல்லாதது

கிழிந்த தாளின் கதையை இரண்டு வாரம் கழித்து அத்தையே சொன்னாள். அவள் படித்த இடம் நம் மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம் என்றாள்.

ராத்திரி டியூட்டி பன்னிரண்டு மணி நேரம். நாற்பது கட்டில் வார்டுக்கு ஒரு மாணவி. காலை எட்டு மணிக்கு வகுப்பு. ஒருநாள் முதலாண்டுப் பிள்ளை ஒருத்தி வார்டிலேயே மயங்கி விழுந்தாள். அடுத்த மாதக் கூட்டத்தில், 'வேறு விஷயங்கள்' என்ற கடைசி இனத்தில், ராத்திரி டியூட்டி முடிந்த அன்று காலை வகுப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானம் வந்தது. ஒருத்தி முன்மொழிந்தாள், ஒருத்தி வழிமொழிந்தாள். செயலாளரான அத்தை எழுதினாள்.

"இது எஸ்.என்.ஏ. காரியம் இல்ல, நிர்வாகத்துக்க காரியம்ணு மேட்ரன் சொன்னாவ. தாளக் கிழிக்கச் சொன்னாவ. நான்தான் கிழிச்சேன். பொறவு புது நோட்டுல அத விட்டுட்டு எல்லாத்தயும் பகர்த்தி எழுதச் சொன்னாவ. அதான் பழசு எனக்க கையில நின்னுட்டு."

அதோடு முடியவில்லை. தாத்தாவுக்குத் தந்தி போனது. தாத்தா பனையேறி. சீசன் நேரம். ரெண்டு நேரமும் பாளை சீவாவிட்டால் அக்கானி நின்றுபோகும். மரங்களை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ராத்திரி பஸ் பிடித்துப் போய், அலுவலக வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று மன்னிப்புக் கேட்டார்.

"எனக்கு அதான் மக்கா இன்னும் சகிக்கல்ல. நான் செய்த தப்பு என்னண்ணு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கேக்கவும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஆனா ஒண்ணு சொல்லணும். மினிட்ஸ் எழுதப் படிச்சுத் தந்ததும் அங்க உள்ள டியூட்டர்தான். நல்ல மனுசி."

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் போடவும் தீர்மானம் எழுதவும் கற்றுக்கொடுத்த அதே அமைப்பில், தன் சொந்தக் குறையை அந்தத் தீர்மானத்தில் எழுத இடம் இல்லை. இதை ஒரு மேட்ரனின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. அமைப்பின் கட்டுமானமே அப்படி. கிளை இயங்குவது பள்ளிக்குள், ஆலோசகர் பள்ளியின் ஊழியர், பள்ளி ஆஸ்பத்திரியின் சொத்து. ஆஸ்பத்திரியின் வேலையாட்கள் அந்த மாணவிகளே. குறை சொல்ல வேண்டிய இடமும், குறைக்குக் காரணமான இடமும் ஒன்றுதான்.

வேறு வழி இருந்ததா? அமெரிக்காவில் 1952ல் தேசிய மாணவ செவிலியர் சங்கம் தனி அமைப்பாக உருவானது. மாணவர்களே தலைவர்கள், மாணவர்களே நிர்வாகிகள். நம்மிடம் அது தாய்ச் சங்கத்தின் கைக்குள்ளேயே நின்றது. அதில் ஒரு லாபமும் உண்டு. சின்னப் பள்ளியின் முப்பது மாணவிகளுக்கும் அகில இந்திய மாநாடும், இதழில் தங்களுக்கென்று பக்கங்களும் கிடைத்தன. தனியாக நின்றிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிறகு

அத்தை பிறகு சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். எண்பதுகளின் நடுவில் நர்ஸ் விடுதியில் மூன்று மாதம் சரியாகத் தண்ணீர் இல்லை. மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். அத்தை மினிட்ஸ் எழுதினாள், இருபத்துமூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினாள், நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் மனுவைக் கொடுத்தாள். லாரித் தண்ணீர் வந்தது. "நகல் எடுத்து வைக்கணும்ணு எனக்கு அப்பம் தெரியும்லா" என்று சிரித்தாள்.

இதைத் தனி ஒருத்தியின் கதையாக மட்டும் நான் பார்க்கவில்லை. 2011, 2012ல் கேரளத்திலும் டெல்லியிலும் மும்பையிலும் தனியார் ஆஸ்பத்திரிச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த சம்பளம், பாண்டு எழுதி வாங்குவது, அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது ஆகியவைதான் பிரச்சினைகள். அவர்களில் எத்தனையோ பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள். அதே 2011ல் டி.என்.ஏ.ஐ. உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2016 ஜனவரி 29ல் நீதிமன்றம் குழு அமைக்கச் சொன்னது. 200 கட்டிலுக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரிகளில் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம், 50 கட்டிலுக்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கையில் வரும் சம்பளம் வேறு என்பது நர்ஸ் உள்ள வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது மேட்ரன்களில் தொடங்கிய சங்கம், சம்பளத்துக்காக நீதிமன்றப் படி ஏறும் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் பலர் முதன்முதலில் கூட்டம் என்ற ஒன்றில் உட்கார்ந்தது எஸ்.என்.ஏ.யில்தான்.

இப்போது அத்தையின் பேத்தி பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. அவள் கிளையிலும் டைரி உண்டு. ராத்திரி டியூட்டி நேரம் குறைந்திருக்கிறது. ஆனால் மாணவர் குறை எதையாவது டைரியில் எழுதுவீர்களா என்று கேட்டேன். "அதுக்கு வேற கமிட்டி இருக்கு மாமா. டைரில போட்டோ ஒட்டுவோம், அதுக்குப் பரிசு உண்டு" என்றாள். எட்டு பாயின்ட்டும் அவளுக்கு மனப்பாடம்.

ஒன்பதாவதாக ஒரு பாயின்ட் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். தங்கள் வேலை நேரத்தையும் பாதுகாப்பையும் பற்றித் தீர்மானம் போட, கிளைக்கு எழுத்துபூர்வமான உரிமை. அந்தத் தீர்மானம் பள்ளி நிர்வாகத்தோடு நின்றுவிடாமல் மாநிலச் சங்கத்துக்கும் ஒரு நகல் போகவேண்டும். இதற்குப் புதுச் சங்கம் எதுவும் தேவையில்லை. இருக்கிற டைரியில் ஒரு பக்கம் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ சித்தியோ நர்ஸாக இருந்திருந்தால் பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். இப்படி நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டாக்டர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மயங்கி விழுந்த பிள்ளையின் பெயர் அத்தையின் நோட்டில் கிழிந்துபோன தாளில் இருந்தது. கேட்டபோது அத்தை யோசிக்காமல் சொன்னாள். நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.