அது நாய்ஸ் இல்லைங்க!

போன வருஷம் ஒரு ஆய்வகத்துக்காக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் டேட்டாவைச் சுத்தம் பண்ற புரோகிராம் எழுதினேன். பெப்டைடின் எடை சுமார் 4000 டால்டன். இந்த மெஷின் எடையை மின்னேற்றத்தால் வகுத்துத்தான் காட்டும். இரண்டு மின்னேற்றம்னா 2000 பக்கம், மூன்றுன்னா 1333 பக்கம் ஒரு கோடு. நடுவுல 1600-ல ஒண்ணு நின்னுச்சு. இரண்டரை மின்னேற்றமா? நாய்ஸ்னு தூக்கிட்டேன்.

"தம்பி, நாங்க தேடினதே அதைத்தான்!"னு அங்கிருந்த மேடம் தலையில அடிச்சிக்கிட்டாங்க.

இரண்டு பெப்டைட் ஜோடி சேர்ந்தா 8000. அதுல ஐந்து மின்னேற்றம் ஏறினா 1600! நான்கு ஏறினா மறுபடி 2000, தனி ஆளோட ஒரே இடத்துல விழும். ஆக, ஒற்றைப்படைக் கோடுதான் ஜோடிக்குச் சாட்சி. அசடு வழிஞ்சுட்டு, இதோட கதையைத் தேடிப் படிச்சேன்.

1988-ல லான்ட்ஷுல்ஸ், ஜான்சன், மெக்நைட் மூணு பேரும் சில புரதங்கள்ல ஏழு இடத்துக்கு ஒரு லியூசின் வர்றதைக் கவனிச்சாங்க. ரெண்டு சங்கிலி ஜிப் பல்லு மாதிரி கோத்துக்கும்னு நினைச்சு 'லியூசின் ஜிப்பர்'னு பேர் வச்சாங்க. 1991-ல எக்ஸ்ரே மூலம் வடிவம் தெரிஞ்சப்போ, அது முறுக்கின கயிறு. பேர் மட்டும் நிலைச்சிடுச்சு :)

இந்த ஜோடியை எடை போடுறதுதான் கஷ்டம். வலுவான ரசாயனப் பிணைப்பு இல்லை, வெறும் ஒட்டல். கொஞ்சம் முரட்டுத்தனமா கையாண்டா பிரிஞ்சிடும். வழி பண்ணவர் ஜான் ஃபென். கரைசலை மின்னழுத்தத்துல துளியாத் தெளிச்சா, துளி காய்ஞ்சு மூலக்கூறு உடையாம வெளியே வரும். 1968-ல மால்கம் டோல் முயற்சி செஞ்ச எலக்ட்ரோஸ்பிரே அது. 1987-ல 70 வயசானதும் யேல் பல்கலைக்கழகம் ஃபென்னுக்கு ஓய்வு கொடுத்துடுச்சு. பெரிய புரதங்களை இப்படிப் பறக்கவிட்ட கட்டுரை 1989-ல வந்துச்சு. 2002-ல நோபல், 85 வயசுல!

1991-ல கார்னெலில் கேனம், லி, ஹெனியன் மூவரும் புரதமும் மருந்தும் ஒட்டினபடியே எடை போட்டாங்க. 1993-ல அதே கார்னெல் குழு லியூசின் ஜிப்பர் ஜோடிகளையும் பிடிச்சுது.

ஆனா துளி சுருங்குற நெரிசல்ல சும்மா ஒட்டியிருந்தா? பஸ் கூட்டத்துல இடிச்சுக்கிட்டு நின்னா சொந்தக்காரங்களா என்ன? அதனாலதான் கரைசலை நீர்க்க வச்சு, ஜோடி சேராத பெப்டைடையும் ஓட்டிப் பார்க்கிறாங்க.

என் புரோகிராம் இப்போ புரியாத கோட்டை அழிக்கிறதில்லை. தனியா எடுத்து வச்சு, மேடம்கிட்ட கேட்குது.