மாமூலும் மகஜரும்: போலீஸ் ஊழல் கதைகளைப் பாலாற்றங்கரையிலிருந்து பார்த்தல்

சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த செய்தி தமிழ்நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த 2020 ஜூன் கடைசியில், 'சாமி', 'சிங்கம்' படங்களின் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொல்லியிருந்தார். அவருடைய மனமாற்றத்தின் ஆழத்தை அளப்பது நம் வேலையல்ல. அதற்குப் பிந்திய இரண்டே ஆண்டுகளில் வந்த படைப்புகளின் வரிசைதான் கவனிக்கத் தக்கது. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்', டிசம்பரில் 'ரைட்டர்', 2022 பிப்ரவரியில் ஜீ5 தளத்தின் 'விலங்கு', ஜூனில் அமேசான் பிரைமில் 'சுழல்'. முதலிரண்டும் படங்கள், பின்னிரண்டும் தொடர்கள். நான்கிலும் கதை காவல் நிலையத்துக்குள் நடக்கிறது, அல்லது அங்கே போய் முட்டி நிற்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் இவை பார்க்கப்பட்ட வேகம் சாதாரணமானதல்ல. 'ஜெய் பீம்' வெளிவந்த சில நாட்களில் ஐஎம்டிபி தளத்தின் பார்வையாளர் மதிப்பீட்டில் உலகப் படங்களையெல்லாம் தாண்டி மேலே நின்றது.

இந்த ஆர்வத்துக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. நிஜத்தில் கிடைக்காத நீதி திரையில் கிடைப்பதால் மனப்புழுக்கம் வடிகிறது என்பது ஒன்று. மூடி மறைக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வருவதால் மக்கள் அதிர்ந்து விழிக்கிறார்கள் என்பது மற்றொன்று. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் நிலத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. இங்கே போலீஸ் பணம் வாங்கும் என்பது யாருக்கும் புதுச் செய்தியல்ல. அதைத் திரையில் கண்டு அதிர்ச்சி அடைய இங்கு ஆளில்லை. வடிகால் என்றால், இந்தக் கதைகளில் பல நீதி கிடைத்து முடிவதில்லை. வெற்றிமாறனின் 'விசாரணை' (2016) சதுப்பில் பிணங்களோடு முடிகிறது. அதையும் மக்கள் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள்.

2015இல் இங்கே நடந்ததை நினைவில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அந்த ஆண்டு ஜூன் நடுவில், காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவரைப் பள்ளிகொண்டா போலீசார் கூட்டிச் சென்றனர். வெளியே வந்த அவர் உடல்நிலை மோசமாகி ஜூன் 26 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்ததே காரணம் என்றது குடும்பம். மறுநாள் இரவு ஆம்பூர் பற்றி எரிந்தது. தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, வாகனங்கள் கொளுத்தப்பட்டன, போலீசாரும் பொதுமக்களும் காயப்பட்டனர். காவல் துறையினர் மீதான குற்றச்சாட்டு சிபிசிஐடி கைக்குப் போனது. கலவர வழக்கில் 2025 ஆகஸ்டில்தான் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 22 பேர் குற்றவாளிகள் எனப்பட்டார்கள், மிகப் பெரும்பாலோர் விடுதலை ஆனார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் வாய்தாவுக்குப் போய்வந்த வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. போதாக்குறைக்கு 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் பள்ளிகொண்டா வேலூர் மாவட்டத்திலுமாகப் போயின.

இப்படி ஓர் ஊரில் போலீஸ் தொடரைப் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார்? என் வாதம் இது: அவர் தேடுவது குற்றவாளியை அல்ல, எழுத்தை. ஒரு சம்பவம் காகிதமாக மாறும் விதத்தைத்தான் அவர் கண்கொட்டாமல் கவனிக்கிறார். ஷூ கம்பெனி பஸ்ஸிலும் டீக்கடையிலும் இந்தக் கதைகளைப் பேசுவோரிடம் முதலில் எழும் கேள்வி "யார் கொன்னது?" என்பதாக இருப்பதில்லை. "இன்னா செக்ஷன் போட்டாங்க?", "சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) குடுத்தாங்களா?", "எந்தத் தேதி போட்டு எழுதிக்கினாங்க?" என்பவையே கேட்கப்படுகின்றன. இவை வழக்காடியின் கேள்விகள். ரசிகனும் அந்த வரிசையிலேயே நின்றுதான் கேட்கிறான்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பிரிட்டனில் ஒரு தொடர் இருக்கிறது. ஜெட் மெர்க்யூரியோ எழுதி பிபிசியில் 2012 முதல் 2021 வரை ஆறு பருவங்கள் ஓடிய 'லைன் ஆஃப் டியூட்டி'. அதில் காவல்துறைக்குள்ளேயே ஊழலை விசாரிக்கும் ஒரு பிரிவு உண்டு, பெயர் ஏசி-12. சந்தேகத்துக்குரிய அதிகாரியை எதிரே உட்காரவைத்து, ஒலிப்பதிவு இயந்திரத்தை ஓடவிட்டு, ஆவணம் ஆவணமாக நீட்டி விசாரிக்கும் நீண்ட காட்சிகளே அதன் உயிர். 2021 மே 2 அன்று வந்த கடைசிப் பகுதியை 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்காகத் தேடப்பட்ட, ஊழல் கூட்டத்தின் நான்காவது ஆள் பெரிய சூத்திரதாரி அல்ல, திறமையற்ற ஒரு நடுத்தர அதிகாரிதான் என்று தெரிந்ததும் பலருக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கோ அந்த முடிவு அத்தொடரின் மிக நேர்மையான இடமாகப் படுகிறது. அங்கே பார்வையாளரின் பதைப்பு 'எவன் கறுப்பாடு?' என்பது. மந்தை வெள்ளை என்ற நம்பிக்கை அடியில் இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு இவ்வளவு விறுவிறுப்பு வரும். நம் பார்வையாளருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆகவே அந்தப் பதைப்பும் கிடையாது. வேறு பதைப்பு இருக்கிறது.

சாத்தான்குளத்துக்குத் திரும்பினால் அது விளங்கும். அந்தத் தந்தையும் மகனும் தரையில் உருண்டு தங்களுக்குத் தாங்களே காயம் உண்டாக்கிக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. கடைத்தெருவின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வேறு கதை சொன்னது. நிலையத்துக்குள் இருந்த கேமராவோ அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் கண்டார். (அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கவும் பதிவுகளை நீண்ட காலம் பாதுகாக்கவும் உத்தரவிட்டது.) அடியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த 'உருண்ட' வரியைப் பற்றியும் மக்கள் பேசினார்கள். எழுதியவரின் துணிச்சல்தான் அவர்களை உறுத்தியது.

பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' இந்த உறுத்தலை நேராகத் தொடுகிறது. ஓய்வுபெறும் வயதில் இருக்கும் நிலைய எழுத்தர் தங்கராஜாக சமுத்திரக்கனி நடித்திருக்கிறார். காவலர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று வழக்குப் போடும் நல்ல மனிதர் அவர். ஓர் ஆய்வு மாணவன் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்படுகிறான், அவன் மீது பொய்வழக்கு உருவாகிறது, அதில் இந்த நல்லவரின் அனுபவமும் பயன்படுகிறது. அடிக்கும் கை யாருடையது என்பது எளிதில் தெரியும். எழுதும் கை சாதுவாக, கண்ணாடி போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இந்த நான்கில் கூர்மையானது எது என்றால் இதையே சொல்வேன், இத்தனைக்கும் பேச்சில் அதிகம் அடிபட்டது 'ஜெய் பீம்'தான்.

'விலங்கு' வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. விமல் நடித்த உதவி ஆய்வாளர் பரிதியின் நிலையத்தில், காவலுக்கு ஆள் இருக்கும்போதே ஒரு பிணத்தின் தலை காணாமற்போகிறது. அப்போது நிலையத்தைக் கவ்வும் பீதி கொலைகாரனைப் பற்றியதல்ல, மேலதிகாரிக்கு இதை எப்படிச் சொல்வது என்பது. தொடரின் நகைச்சுவையும் பயமும் அந்தப் பீதியில்தான் பிறக்கின்றன.

எழுத்தின் மீதான இந்தக் கவனத்துக்குச் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகாது. ஆனால் அதன் வழியாக ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். இந்த ஒரு வாசலுக்காகவே, பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் மகஜர்கள் அவ்வளவு கவனமாக எழுதப்படுகின்றன: எங்கே, எத்தனை மணிக்கு, எந்தச் சாட்சிகள் முன்னிலையில், எந்த நிறப் பையில். புகார் எழுதிக் கொடுக்கத் தெரியாதவருக்கு நிலையத்திலேயே எழுதித் தருவார்கள், கடைசியில் படிக்கக் கேட்டுச் சரி என்றேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உருது பேசும் வீடுகள் நிறைந்த ஆம்பூரில், எழுத்து வாசனையில்லாத ஒருவர் அந்த வரிக்குக் கீழே ரேகை வைப்பது என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 'விசாரணை'யின் முதற்பாதியில் குண்டூரில் மாட்டிக்கொண்ட தமிழ்த் தொழிலாளர்களின் கதியும் இதுதான், தங்களைப் பற்றி எழுதப்படும் மொழி அவர்களுக்குத் தெரியாது. அந்தப் படத்துக்கு மூலமான 'லாக்கப்' நூலை எழுதியவர் கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தான் பட்டதைத்தான் எழுதினார்.

இனிச் சங்கடமான பகுதி. பார்வையாளரின் இந்தக் கூர்மைக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. 2003இல் வந்த 'சாமி'யில் கதாநாயகனான காவல் அதிகாரி ஆரம்பத்தில் வில்லனிடம் பணம் வாங்குகிறார், ஊரை ஒழுங்குக்குக் கொண்டுவர அது ஓர் உபாயம். தியேட்டரில் யாரும் முகம் சுளிக்கவில்லை, விசில்தான் பறந்தது. நம் மக்கள் மனத்தில் அறத்தின் கோடு பணம் வாங்குவதற்கும் வாங்காததற்கும் நடுவில் போடப்படவில்லை. வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுப்பவருக்கும், வாங்கிக்கொண்டோ வாங்காமலோ பொய்யாக எழுதுபவருக்கும் நடுவில் போடப்பட்டிருக்கிறது. மாமூல் ஒரு கட்டணம், பொய்வழக்கு ஒரு பாவம். 2020க்குப் பின் வந்த கதைகள் பொய்யெழுத்தைத் தோலுரித்தன. மாமூலை ஊரின் வெயிலைப்போல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டன.

லஞ்ச ஒழிப்புத் துறை இக்கதைகளில் தலைகாட்டாததற்கும் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் என்ற பெயரில் 1964 முதல் இருக்கும் அமைப்பு அது. ரசாயனம் தடவிய நோட்டுகள், மறைந்திருக்கும் அதிகாரிகள், கரைசலில் கை நனைந்ததும் இளஞ்சிவப்பாக மாறும் நீர் என்று நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் அதனிடம் இருக்கிறது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்தக் காட்சியை வாரந்தோறும் படிக்கிறோம். நான் இங்கே பேசும் படைப்புகளில் அதன் நிழல்கூட விழவில்லை. நோட்டு கைமாறுவதை அந்தக் கரைசல் காட்டிக்கொடுக்கும், மகஜரில் மாற்றி எழுதிய மணி நேரத்தைக் காட்டிக்கொடுக்காது. பார்வையாளரின் பயம் இருப்பது மகஜரில்.

மாமூலையும் பொய்யெழுத்தையும் இப்படிப் பிரிப்பது நடப்புக்கு ஒத்துவராது. 2021 ஜூனில், வேலூரை அடுத்த அரியூர் காவல் எல்லையில் உள்ள மலைக்கிராமத்துக்குச் சாராய வேட்டைக்குப் போன ஓர் உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும், அங்கிருந்த வீடுகளில் பணமும் நகையும் எடுத்துக்கொண்டதாகக் கைதானார்கள். ஊர் மக்கள் சும்மா விடாததால் அது வெளியே வந்தது. சாராயம் காய்ச்சும் வீடு தானே, புகார் கொடுக்க வருவார்களா என்ற கணக்குதான் இதற்கு அடிப்படை. சட்டத்துக்குப் புறம்பான தொழில் ஒன்று ஒரு நிலைய எல்லையில் மாதக் கணக்கில் சகித்துக்கொள்ளப்படும்போது, அதில் ஈடுபட்டவர்கள் வாய் திறக்க முடியாத ஆட்களாகிறார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுதத் தக்க வழக்குகளாகவும் ஆகிறார்கள். மாமூல் இப்படித்தான் பொய்யெழுத்துக்கு ஆட்களைத் தயார்செய்து வைக்கிறது. பாலாற்று மணலும், எல்லை தாண்டும் ரேஷன் அரிசியும் இதே கணக்கில் வருபவை. இதில் உச்சக்காட்சி கிடையாது. அதனால்தான் தொடர்கள் இதை விட்டுவிடுகின்றன போலும்.

புஷ்கர்–காயத்ரியின் 'சுழல்' இந்தக் கணக்கைச் சொல்வதற்கு மிக அருகில் வந்த தொடர். கற்பனை ஊரான சாம்பலூரில் சிமென்ட் ஆலை, வேலைநிறுத்தம், தொழிற்சங்கத் தலைவர் சண்முகம், தீப்பிடிக்கும் ஆலை. எட்டுப் பகுதிகளில் அந்தத் தீயைப் பற்றிய விசாரணை காவல் நிலையத்துக்குள்ளேயே திரும்பி வருகிறது. பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா. வேலூர்க்காரருக்கு அது நம் வீட்டுத் திருவிழா. மகாசிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்று மணலில் அங்காளம்மன் தேர்களும் காளி வேடங்களும் திரளும். (தொடரில் அது மலையூர்ப் பச்சைக்குள் நடப்பது நம் கண்ணுக்குக் கொஞ்சம் அந்நியம்தான்.) முதலாளியின் பணம், சங்கத்தின் கோபம், நிலையத்தின் பேனா ஆகிய மூன்றும் ஒரே ஊரில் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைக் காட்ட இதைவிடத் தோதான அமைப்பு கிடைக்காது. ஆனால் தொடர் காணாமற்போன பெண்ணைத் தேடித் திரும்பிவிடுகிறது. அந்தத் தேடலும் முக்கியமானதுதான், அதன் முடிவு உண்மையிலேயே உலுக்குகிறது. ஆலைக்கும் நிலையத்துக்குமான கணக்கு மட்டும் ஓர் ஆளின் தனிப்பட்ட சறுக்கலாகச் சுருங்கிப்போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'விலங்கு', 'சுழல்' இரண்டிலும் நாம் யாரோடு நடக்கிறோம்? உதவி ஆய்வாளரோடு. 'ரைட்டர்' எழுத்தரோடும் 'ஜெய் பீம்' பெரும்பகுதி வழக்கறிஞரோடும் நம்மை நடத்திச் செல்கின்றன. நிலையத்தின் மேசைக்கு இந்தப் பக்கம், மர பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து, ஐயா வரட்டும் என்று சொல்லப்பட்டவரின் கண்ணால் முழுக்கப் பார்க்கும் தொடர் ஒன்றும் இந்த வரிசையில் இல்லை. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அது கடினம். 2015 ஜூனில் தொடங்கி 2025 ஆகஸ்டுவரை நீளும் ஒரு வழக்கை, இரண்டு மாவட்டங்கள், நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அலையும் ஒரு குடும்பத்தின் வழியாகச் சொல்ல எட்டுப் பகுதித் தொடரில் இடம் தாராளமாக இருக்கிறது. எந்தச் செக்ஷன் என்று கேட்கத் தெரிந்த பார்வையாளர் அதை ஒரே இரவில் பார்த்து முடிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.