படிப்புக்கு அடித்த மணி

எண்ணூரில் எங்கள் வீட்டில், விடுதிப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்குத் தம்பியைத் தயார் செய்தவள் நான்தான். அவன் தடுமாறிய கணக்குகளைச் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் தண்ணி லாரி சத்தம் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். "அவன் படிக்கிற பையன்" என்பார் அம்மா. தம்பிக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் தோற்றுப் பார்க்கவாவது அவனுக்கு ஒரு தேர்வு இருந்தது. அதை நானும் எழுதலாமே என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இத்தகைய பள்ளிகளின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தேன். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனின் முயற்சியில் 1961இல் சைனிக் பள்ளிகள் தொடங்கின. ராணுவ அதிகாரிகள் சில வட்டாரங்களிலிருந்தும் சில வர்க்கங்களிலிருந்துமே வருகிறார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது நோக்கம். தமிழ்நாட்டில் 1962இல் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் ஒரு பள்ளி வந்தது. பையன்களை ஆறாம் வகுப்பிலேயே சேர்த்து, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமிக்குத் தயார் செய்யும் உண்டு உறைவிடப் பள்ளி. வட்டாரத்தையும் வர்க்கத்தையும் யோசித்த அந்தத் திட்டத்தில் பெண் பிள்ளை யார் நினைவுக்கும் வரவில்லை.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது என்ன? காலையில் உடற்பயிற்சி, பிறகு வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவில் மேற்பார்வையோடு படிப்பு. எல்லாவற்றுக்கும் மணி. சமையலும் பாத்திரமும் வேறு யாருடைய வேலையோ. கணக்கையும் ஆங்கிலத்தையும் எங்கும் கற்கலாம். ஒரு பிள்ளையின் நேரம் படிப்புக்கே என்று ஒரு நிறுவனம் தரும் உறுதி எங்களுக்கு எங்கும் கிடைத்ததில்லை.

மருத்துவப் பிரிவுக்கு வெளியேயும் பெண்களை அதிகாரிகளாக எடுக்க 1992இல் ராணுவம் முன்வந்தது. பயிற்சி நடந்த இடம் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும் பரங்கிமலை. ஆனால் பட்டம் முடித்த பிறகுதான் போக முடியும், அதுவும் குறுகிய காலப் பணிக்கு. நிரந்தரப் பணிக்காக 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது. பையனுக்குப் பத்து வயதில் தொடங்கிய பாதை, பெண்ணுக்கு இருபதுக்கு மேல்தான் தொடங்கியது.

சோதனை முயற்சியாக 2018இல் மிசோரமின் சிங்சிப் சைனிக் பள்ளியில் சிறுமிகளைச் சேர்த்தார்கள். 2021-22 கல்வியாண்டில் அமராவதிநகர் உட்பட மற்ற பள்ளிகளும் திறந்தன. அதே 2021 ஆகஸ்டில், அகாதமியின் நுழைவுத் தேர்வைப் பெண்கள் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 2025 மே மாதம் 17 பெண்கள் அகாதமியின் முதல் பெண் பட்டதாரிகளாக வெளியே வந்தார்கள். இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கதவு திறந்துவிட்டது. ஆனால் அந்தத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய இடம் இன்னும் வீடுதான். என் வகுப்பில் நெட்டுக்குப்பத்துப் பெண் ஒருத்தியிடம், "வீட்டில் எப்போது படிப்பாய்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் தூங்கின அப்புறம் மேம்" என்றாள்.