இலவசக் கல்வி நாட்டில் இடைவிலகும் பிள்ளைகள்: வன்னியில் ஒரு வீட்டுக் கணக்கு

என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருத்தியை அண்மையில் முல்லைத்தீவில் சந்தித்தேன். மூத்த மகனுக்கு 15 வயது. தரம் 9 உடன் பாடசாலையை விட்டுவிட்டுக் கடற்றொழிலுக்குப் போகிறான்.

"நான் மறிச்சுப் பார்த்தனான். என்ன சொல்லி மறிக்கிறதெண்டுதான் தெரியேல்லை" என்றாள்.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூல்களும் சீருடைத் துணியும் அரசாங்கமே கொடுக்கிறது. ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன் எல்லாம் வீட்டுச் செலவு. 2022 பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறியபோது இந்தக் கணக்குப் பல வீடுகளில் பிசகியது. இவளுக்கு நுண்கடன் கிழமைக் கட்டணமும் இருக்கிறது.

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. மீன் படும் நாட்களில் மட்டும் இவன் வகுப்புக்குப் போகாமல் விட்டான். பிறகு கணக்குப் பாடம் விளங்கவில்லை. விளங்காத வகுப்பில் இருக்க வெட்கம். கையில் காசு புழங்கத் தொடங்கியதும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பெற்றோரின் படிப்பு முக்கியமாகிறது. யுத்தத்தின் கடைசி வருடங்களில், பிள்ளையைக் காப்பாற்றவென்று அவசரமாகச் செய்துவைத்த கலியாணங்களில் ஒன்று இவளுடையது. படிப்பு அதோடு நின்றது. இவர்களைப் படிப்பில் அக்கறையில்லாத பெற்றோர் என்று கூட்டங்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். தரம் 10 இல் மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யவேண்டும். எதை எடுத்தால் எங்கே போகலாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. காசிருந்தால் ரியூசன் ஆசிரியர் சொல்லியிருப்பார். தாய் படித்திருந்தால் காசில்லாமலே சமாளித்திருப்பாள். இங்கே இரண்டும் இல்லை.

2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வரவு குறித்துப் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தை, பொலிஸ் வரும் என்ற பயத்தில் அவள் ஒளித்து வைத்திருந்தாள். அவனுக்கு இன்னும் பாடசாலையில் இடமுண்டு என்பதற்கு அதே சட்டம்தான் ஆதாரம் என்று விளங்கப்படுத்தினேன். வயது கடந்தாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம் என்றேன்.

"அப்ப நானும் எழுதலாமோ?" என்று கேட்டாள்.

எழுதலாம். முதலில் மகனின் அலுவல். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தோடு அதிபரிடம் போகிறோம். அவன் வருவானோ தெரியாது.