தோட்டக்காட்டுப் பேரன்களின் குரல்: தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் உருவான வரலாறு

2007ஆம் ஆண்டு பொங்கலுக்கு மலேசியாவிலிருந்து அரியலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் கீழப்பழுவூருக்கு வந்திருந்த சித்தப்பா, கோடாலித் தைலத்தையும் மைலோ டப்பாக்களையும் எல்லோருக்கும் பங்கிட்டு முடித்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "கேட்டுப் பாருடா. அங்க நம்ம பசங்க எல்லாம் இதத்தான் போட்டுக்கிட்டுத் திரியுறானுவோ" என்றார். அட்டையில் 'வல்லவன்' என்று இருந்தது. யோகி பி, நட்சத்ரா என்ற பெயர்களை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. திருச்சி சாலையும் தஞ்சாவூர் சாலையும் கூடுகிற எங்கள் முக்குரோட்டில் சிமெண்ட் லாரிகள் போகும் இரைச்சல் வீட்டுக்குள் வரைக்கும் கேட்கும். அந்த இரைச்சலை அமுக்கிக்கொண்டு டிவிடி பிளேயரிலிருந்து எழுந்த அந்தத் தமிழ், சினிமாவில் நான் கேட்ட தமிழாக இல்லை. அந்தச் சிடி இன்றும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் தொடக்கம்.

தமிழ் ராப் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாடல்களை ஆண்டு வாரியாக அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரிசை தப்பில்லை, ஆனால் போதாது. ஒரு படப்பாட்டுக்குள் வரும் ராப், இயக்குநர் சொன்ன சூழலுக்குள் நின்று பேசியாக வேண்டும். ஆல்பம் அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு பாடல்களில் ஒரு தெருவையும் ஒரு தலைமுறையையும் முழுதாகச் சொல்லிவிடும். ஹிப்ஹாப்பின் உண்மையான அலகு ஆல்பம்தான். தமிழில் அந்த அலகு எங்கே, யாரால், ஏன் உருவானது என்று தேடிப்போனால் கோடம்பாக்கத்தைவிட ரப்பர் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் அகதிக் கப்பலும்தான் நமக்கு அதிகம் பதில் சொல்கின்றன.

பிராங்க்ஸும் பேட்டையும்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த ஒரு கொண்டாட்டத்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வது வழக்கம். அன்று இசைத்தட்டு ஓட்டிய டிஜே கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் குடிபெயர்ந்து வந்தவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அந்த நீட்டலின் மேல் பேச்சு ஏறியது, ராப் ஆனது. விரைவுச்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்ட ஒரு பகுதியில், கடல் தாண்டி வந்த ஒரு பையன் தொடங்கி வைத்த கலை இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் தமிழில் நடந்தது வியப்பாக இருக்காது.

1994இல் நாஸ் என்ற இருபது வயது இளைஞர் 'இல்மாட்டிக்' ஆல்பத்தை வெளியிட்டார். நாற்பது நிமிடம்கூட ஓடாத ஆல்பம் அது. குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற ஏழைகள் குடியிருப்பின் படிக்கட்டும் ஜன்னலும் சிறைக்குப் போன நண்பனுக்கு எழுதிய கடிதமும் அதில் அப்படியே இருக்கின்றன. அதே ஆண்டு தமிழில் 'காதலன்' படம் வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'பேட்டை ராப்' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. சென்னைப் பேச்சுத் தமிழை அடுக்கடுக்காகத் தாளத்தில் ஏற்ற முடியும் என்று காட்டிய பாட்டு அது. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது ஆகியோரோடு தேனி குஞ்சரம்மாளின் நாட்டார் குரலும் அதில் இருக்கிறது. தமிழ் ராப்பின் முதல் பெரிய வெற்றியிலேயே ஒரு நாட்டுப்புறப் பாட்டி பாடியிருக்கிறார் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. ஆனாலும் அது ஒரு பாட்டுதான். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல், 'பாபா' (2002) வழியாக வந்த ராப் பாடகர் பிளேஸ் போன்ற திறமைசாலிகள் இருந்தும், சினிமா ராப்பைச் சாம்பாருக்குப் பெருங்காயம் போலத்தான் பயன்படுத்தியது. வாசனைக்கு ஒரு சிட்டிகை.

ரப்பர் காட்டுக்குப் பின்னால்

பிரிட்டிஷ் ஆட்சியில் கங்காணிகள் வழியாக மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களில் அன்றைய திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, சேலம் மாவட்டத்துக் குடும்பங்கள் ஏராளம். எங்கள் அரியலூர்ச் சீமையும் அப்போது திருச்சி மாவட்டம்தான். 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறியபோது, மூன்று தலைமுறையாக லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகரங்களின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. ரப்பர் மரத்தை வெட்டிப் பாலெடுக்கத் தெரிந்த கைகளுக்கு நகரத்தில் வேலை இல்லை. பையன்களில் ஒரு பகுதியினர் அடிதடிக் கூட்டங்களில் சேர்ந்தார்கள். மலேசியத் தமிழில் அந்தக் கூட்டங்களுக்குக் 'குண்டர் கும்பல்' என்று பெயர்.

இந்தச் சூழலில்தான் 1990களில் பொயட்டிக் அம்மோ என்ற குழு உருவானது. யோகி பி, லேண்ட்ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோகோ ஆகியோர் சேர்ந்து 1998இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஆங்கிலத்தோடு மலாயும் தமிழும் கான்டனீஸ் சீனமும் கலந்து வந்தன. மலேசியத் தெருவில் ஒருவர் ஒரே நாளில் பேசுகிற மொழிகள் அவை. பிறகு யோகி பி முழுத் தமிழுக்குத் திரும்பினார். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரின் நட்சத்ராவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

'வல்லவன்' ஏன் திருப்புமுனை? முதல் காரணம் 'மடை திறந்து'. 1980இல் பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது மூலப்பாடல். படத்தில் வாய்ப்புக்காக அலையும் ஒரு இசைக் கலைஞன் தன் கனவைப் பாடுகிறான். யோகி பி குழுவினர் அந்த மெட்டைப் பல்லவியாக வைத்துக்கொண்டு, இடையிடையே தங்கள் ராப் சரணங்களை எழுதினார்கள். அமெரிக்க ராப் கலைஞர்கள் தங்கள் பெற்றோர் கேட்ட ஜேம்ஸ் பிரவுன் இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அப்பா கேட்ட பாட்டை மகன் கையில் எடுக்கிறான். வாய்ப்பில்லாத கலைஞனின் பாட்டை, வாய்ப்பே மறுக்கப்பட்ட ஒரு தலைமுறை பாடுகிறது. இதைவிடப் பொருத்தமான தேர்வை நான் எந்த மொழி ஹிப்ஹாப்பிலும் கண்டதில்லை.

இரண்டாவது காரணம் ஒரு சொல். யோகி பி தன்னைக் 'கவிதை குண்டர்' என்று அழைத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் கேட்கிறவருக்கு அது ஒரு வேடிக்கைப் பட்டம். மலேசியாவில் செய்தித்தாளைப் புரட்டுகிற தாய்க்கு அந்தச் சொல் வயிற்றைப் பிசையும். தன் பிள்ளையை ஊர் எந்தப் பெயரால் ஏசுகிறதோ அதே பெயரைப் பிடுங்கி, முன்னால் கவிதையை வைத்துத் திருப்பிக் கொடுத்தார் யோகி பி.

மூன்றாவது, இலக்கணம். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஆங்கில ராப் பெரிதும் அடியின் கடைசியில் வரும் ஒலி ஒப்புமையை நம்பி நிற்கிறது. தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், வந்தான், சென்றான், நின்றான் என்று இயைபு சும்மாவே கிடைத்துவிடுகிறது. விலையில்லாமல் கிடைப்பதற்கு மதிப்பும் இல்லை. தொடக்ககாலத் தமிழ் ராப் பல இடங்களில் சப்பென்று கேட்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. 'வல்லவன்' வேறு வழியில் போனது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையை அடிக்குள்ளேயே நெருக்கி வைத்தது, மோனையால் மூச்சைத் தொடுத்தது, வினைமுற்றை நடுவில் போட்டுப் பெயர்ச்சொல்லில் அடியை முடித்தது. கட்டு, தட்டு, முட்டு என்று மேசையில் தாளம் போட்டபடி சொல்லிப் பாருங்கள். இரட்டித்த வல்லினம் ஸ்நேர் டிரம் விழும் இடத்தில் தானாகப் போய் உட்காரும். ஆங்கிலத்தில் அசை அழுத்தம் செய்கிற வேலையைத் தமிழில் குறில் நெடிலும் ஒற்றெழுத்தும் செய்கின்றன.

எங்கள் ஊர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். அவருடைய பதிகங்களின் சந்த வேகத்தையும் அருணகிரிநாதரின் திருப்புகழையும் காட்டி, ராப் தமிழனே கண்டுபிடித்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராப் கறுப்பின மக்கள் உலகத்துக்குத் தந்த கொடை, அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. அந்தக் கொடையை வாங்கி வைத்துக்கொள்ளச் சந்தமும் எதுகையும் நிறைந்த ஒரு மொழி நம்மிடம் தயாராக இருந்தது. அந்த அளவில் பெருமைப்படலாம்.

'வல்லவன்' ஒலித்த பிறகு கோடம்பாக்கமே யோகி பியைத் தேடிப்போனது. ஜி.வி. பிரகாஷ்குமார் இசையில் 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011) படங்களில் அவர் குரல் வந்தது. எங்கள் ஊர் செல்போன் ரீசார்ஜ் கடையில் அப்போதெல்லாம் பத்து ரூபாய்க்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவார்கள். 'மடை திறந்து' வேண்டும் என்றால், "பழசா, மலேசியாவா?" என்று கேட்பார் கடைக்கார அண்ணன். அந்த ஒரு கேள்வியில் ஒரு வரலாறு நடந்து முடிந்திருந்தது.

போரும் கோவையும்

இதே காலத்தில் லண்டனில் ஈழத்துப் பெண்ணொருத்தி வேறொரு வாசலைத் திறந்தார். எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், போரால் இடம்பெயர்ந்து, லண்டன் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', 2007இல் வந்த அடுத்ததற்கு அம்மாவின் பெயரான 'கலா'. 'கலா'வுக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் நாம் கேட்டுப் பழகிய அந்த உறுமல், உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அவர் பாடியது ஆங்கிலத்தில்தான். ஆனால் பெற்றோர் பெயரை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு உலகத்தின் முன் நின்ற அந்தத் துணிவு, பின்னால் வந்த எல்லோருக்கும் வழிகாட்டியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், 2021இல் தன் ஆல்பத்துக்கு 'மேட் இன் ஜாஃப்னா' என்று பெயர் வைத்ததும் இந்த வரிசையில் வருவதே.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் முதல் பெரிய ஆல்பம் 2012இல் கோவையைச் சேர்ந்த ஆதி, ஜீவா இருவரின் ஹிப்ஹாப் தமிழா குழுவிடமிருந்து வந்தது. 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற அந்த ஆல்பத்துக்கு முன்பே யூடியூப் வழியாக 'கிளப்புல மப்புல' கல்லூரி விடுதிகளைக் கலக்கியிருந்தது. அதில் பெண்களைக் கண்டிக்கும் தொனி அன்றும் எனக்கு உவப்பாக இல்லை, இன்றும் இல்லை. ஆனால் சினிமா வாய்ப்பு இல்லாமல், இணையத்தை மட்டும் நம்பி ஒரு தமிழ் இளைஞன் கேட்பவர்களைத் திரட்ட முடியும் என்று நிரூபித்தது அந்தக் குழுதான். பெரம்பலூர் பொறியியல் கல்லூரிப் பையன்கள் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ராப் எழுதத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். குழு விரைவில் சினிமாவுக்குள் போய்விட்டது. ஆல்பம் மறுபடி அனாதையானது.

பாட்டியின் பேராண்டி

அனாதையான ஆல்பத்தை மறுபடி எடுத்து வளர்த்தது தலித் அரசியல். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரெடுத்து, இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில், டென்மாவின் இசையமைப்பில் உருவான குழு அது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அந்த மேடையில் நின்றவர்களில் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவும் ஒருவர். அடுத்த ஆண்டே இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைத் தந்தார். திருக்குறளின் சாயலைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி வந்தது அந்த ஆல்பம். 2018 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலினின் பெயரில் அதில் ஒரு பாடல் இருக்கிறது. நாஸ் தன் தெருவுக்குச் செய்ததை அறிவு தன் மக்களுக்குச் செய்தார் என்றால் அது மிகையில்லை.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' எல்லோரும் அறிந்தது. பாடகி தீ, அறிவு ஆகியோரின் குரல்களில், சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த அந்தப் பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு வெறுங்கையோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். அந்த ஆண்டே ஓர் இசை இதழ் அந்தப் பாட்டைக் கொண்டாடும் அட்டையில் அறிவின் முகத்தைப் போடாமல் விட்டது. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கென்று தனி அட்டை வந்தது. உழைத்தவன் பெயர் கணக்கில் விடுபடுவது தோட்டக்காட்டில் புதிதல்ல. அறிவு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற ஆல்பத்தோடு பதில் சொன்னார். யாருடைய பேரன் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார், இனி எந்த அட்டையும் அதை மறைக்க முடியாது.

'வல்லவன்' ரப்பர் தோட்டத்தின் பேரப்பிள்ளைகளுடையது. 'வள்ளியம்மா பேராண்டி' தேயிலைத் தோட்டத்தின் பேரனுடையது. இரண்டுக்கும் இடையே 18 ஆண்டுகள். இந்தியாவிலிருந்து தோட்டக் கூலியாகப் போனவர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதிய நூல்கள் இருக்கின்றன. அந்த நூல்களுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு ஆல்பங்களையும் வைக்க வேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் வைப்பதற்கு அவை கிடைக்க வேண்டும். மலேசியாவில் அச்சான பழைய தமிழ் ஹிப்ஹாப் சிடிகள் இப்போது கடைகளில் இல்லை. பாட்டு இணையத்தில் கிடைக்கலாம். அட்டைப் படமும், உள்ளே நன்றி சொல்லி அச்சிட்ட பெயர்களும் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள் எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அதில் இப்படி ஒரு சிடி இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டையோடு பத்திரமாக எடுத்து வையுங்கள்.