இடக்கைக் குத்தும் வலக்கை வீரரும்: ஒரு நூற்றாண்டின் கணக்கு

திருப்பதியில் பிரசாதத்துக்கு இடக்கையை நீட்டும் குழந்தையைப் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். சித்தூர்ப் பக்கத்து வீடுகளிலும் சோற்றுக்கும் எழுத்துக்கும் வலக்கைதான் பழக்கப்பட்டு வந்தது. அமெரிக்கக் குத்துச்சண்டைக் கூடங்களிலும் நெடுங்காலம் இதே நிலைதான். இடக்கைப் பழக்கமுள்ள பையன் வந்தால், இடக்காலை முன்வைத்து நிற்கும் ‘ஆர்த்தடாக்ஸ்’ நிலைக்கு அவனை மாற்றிவிடுவார்கள். ஜோ ஃபிரேசியரும் ஆஸ்கார் டி லா ஹோயாவும் பிறவியில் இடக்கையர்கள். இருவரும் ஆர்த்தடாக்ஸாகவே ஆடினார்கள். வலக்காலை முன்வைக்கும் ‘சவுத்பா’ வீரர்கள் அரிதானதற்கு இந்தத் திருத்தலும் ஒரு காரணம். அவர்களுடைய பலத்தில் பெரும்பங்கு அந்த அரிதான தன்மையிலிருந்தே வந்தது.

வளையத்துக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஆர்த்தடாக்ஸ் வீரரின் எதிரே சவுத்பா நின்றால் இருவரின் முன்கைகளும் ஒன்றையொன்று மறிக்கும்; முன்பாதங்கள் இடறும். அதுவரை தடையில்லாமல் போன ‘ஜாப்’ என்ற முன்கைக் குத்து பாதியிலேயே தட்டப்படும். சவுத்பாவின் பலமான இடக்கை, பழகாத கோணத்திலிருந்து நேரே முகத்துக்கு வரும். இதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் மாற்று பழையது: இடப்பாதத்தை எதிராளியின் முன்பாதத்துக்கு வெளியே ஊன்று, உன் இடப்பக்கமாகச் சுற்று, நேர் வலக்கையை முதலில் விடு. வலக்கையரோடு மட்டுமே பயிற்சி செய்த கால்கள் சண்டை நடுவில் இதை எளிதில் கேட்பதில்லை.

முதல் சவுத்பா உலகச் சாம்பியன் என்று பதிவானவர் அல் மெக்காய். 1914 ஏப்ரலில் மிடில்வெயிட் சாம்பியன் ஜார்ஜ் சிப்பை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். ஹெவிவெயிட்டில் அந்த நாள் வர இன்னும் 80 ஆண்டுகள் ஆயின.

இடையில் முகமது அலிக்கே ஒரு சோதனை வந்தது. 1966 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர் சந்தித்த ஜெர்மானியர் கார்ல் மில்டன்பெர்கர், ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதிய முதல் சவுத்பா. அலி அவரை மூன்று முறை தரையில் விழவைத்தார். ஆனாலும் சண்டையை முடிக்க 12ஆம் சுற்று வரை போக வேண்டியிருந்தது.

1994 இந்த வரலாற்றின் முக்கியமான ஆண்டு. ஏப்ரலில் இவாண்டர் ஹோலிஃபீல்டைப் புள்ளிகளில் வென்று மைக்கேல் மூரர் முதல் சவுத்பா ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். நவம்பரில் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன் அவரைச் சந்தித்தார். ஒன்பது சுற்றுகளின் முடிவில் மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் மூரரே முன்னிலையில் இருந்தார். பத்தாவது சுற்றில் ஃபோர்மன் ஓர் இடக்கைக் குத்துக்குப் பின் வலக்கையை நேராகத் தாடையில் இறக்கினார், மூரர் எழவில்லை. பயிற்சியாளர்கள் சொல்லிவந்த அதே நேர் வலக்கை.

2019இல் ரிச்சர்ட்சன், கில்மன் என்ற ஆய்வாளர்கள் சுமார் 13,800 தொழில்முறைச் சண்டை வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பொதுமக்களில் பத்தில் ஒருவர்தான் இடக்கையர். ஆண் குத்துச்சண்டை வீரர்களில் அது சுமார் 17 விழுக்காடு. அவர்களுடைய வெற்றி விகிதமும் வலக்கையரைவிடச் சற்றே கூடுதல். ‘சற்றே’ என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்த்தடாக்ஸ் வீரர் சவுத்பாவிடம் தோற்றே தீருவார் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்களில் இடமில்லை.

ஆறு முறை உலகச் சாம்பியனான இந்தியாவின் மேரி கோம் சவுத்பா. 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அமித் பங்காலும் அப்படியே. வலக்கையர் நிறைந்த கூடங்களில் வளரும் வீரருக்கு இவர்களைப் போன்ற ஓர் எதிராளி பயிற்சியிலேயே கிடைப்பது பெரிய உதவி.

ஆனால் பழக்கமின்மை ஒன்றே எல்லாத் தோல்விக்கும் விளக்கம் ஆகாது. சவுத்பாவான ஒலெக்சாண்டர் உசிக்கிடம் ஆந்தனி ஜோஷுவா 2021இல் தோற்றார். அந்தப் பாணி பழகியிருந்தும், ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் மீண்டும் மோதினார், மீண்டும் தோற்றார். டைசன் ஃப்யூரியும் 2024 மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் மறுமுறை அவரிடம் வீழ்ந்தார்.