இரண்டாவது மாடியில் அரசிக்கு ஓர் அறை

பழைய வீடுகளின் தரைப்படங்களைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம். முகப்பைப் பார்த்தால் கட்டியவரிடம் எவ்வளவு பணம் இருந்தது என்று தெரிந்துவிடும். யார் யாரை எங்கே நிற்க வைத்தார்கள் என்பது உள்ளே போனால்தான் தெரியும். அப்படி நான் அதிகம் சுற்றியிருப்பது இங்கிலாந்தில், டெர்பிஷயரின் ஒரு குன்றின் மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹாலின் தரைப்படத்துக்குள்.

கட்டியவர் எலிசபெத் டால்பட். சரித்திரத்தில் 'பெஸ் ஆஃப் ஹார்ட்விக்' என்றால்தான் தெரியும். அதே குன்றில் சுமாரான வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். நான்கு கல்யாணம், நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு. 1590-இல் அவர் இறந்தபோது நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் பெஸ். அந்த ஆண்டே இந்த வீட்டு வேலை தொடங்கியது. 1597-இல் குடிபுகுந்தார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கல்லில் வைத்தார்.

அதுவரை ஆங்கிலப் பிரபுக்களின் வீட்டுக்கு நடுநாயகம் பெரிய கூடம். எஜமானும் வேலைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்ட இடம் அது. வழக்கமாக முகப்புக்கு இணையாக நீண்டு கிடக்கும். ஹார்ட்விக்கில் அதைத் திருப்பி, வாசலிலிருந்து நேரே வீட்டை ஊடுருவிப் போகும்படி வைத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதற்குள் கூடத்தின் மதிப்பு போய்விட்டது. வருகிறவர்கள் காத்திருக்க, வேலைக்காரர்கள் சாப்பிட என்று ஆகிவிட்டது. எஜமானி மாடிக்குப் போய்விட்டார்.

தரைத்தளம் சமையலுக்கும் பணியாளர்களுக்கும். முதல் மாடி பெஸ்ஸும் குடும்பமும் புழங்க. இரண்டாவது மாடி ராஜ மரியாதைக்கு. மேலே போகப் போகக் கூரை உயரும், ஜன்னலும் உயரும். வெளியே நின்று ஜன்னல்களைப் பார்த்தாலே எந்த மாடியில் யார் என்று சொல்லிவிடலாம். கண்ணாடி விலை கூடிய பொருளாக இருந்த காலம் அது. வெளிச்சுவரை ஜன்னலுக்கே விட்டுவிட, புகைபோக்கிகளைப் பெரும்பாலும் நடுச்சுவருக்குள் புதைத்தார்கள். சில ஜன்னல்கள் வெறும் வேஷம். கண்ணாடிக்குப் பின்னால் சுவர்தான். வரிசை கெடக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கல் படிக்கட்டு வளைந்து வளைந்து மேலே போகிறது. அது முடிகிற இடத்தில் உயர் பெருங்கூடம். சுவரின் மேல்பகுதி முழுக்க வண்ணம் பூசிய சுதைக் காடு. மரங்கள், மிருகங்கள், நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. கணப்புக்கு மேலே எலிசபெத் அரசியின் சின்னம். கீழே யுலிஸஸ் கதையை நெய்த டேபஸ்ட்ரி திரைகள். வீடு தொடங்கும் முன்பே, 1587-இல் வாங்கியவை. திரையின் அளவுக்குத்தான் அறையைக் கட்டினார்கள் என்கிறார்கள்.

சிக்கனமும் உண்டு. நீள்கூடத்தில் தொங்கும் கிதியோன் கதைத் திரைகள், இறந்துபோன கிறிஸ்டபர் ஹேட்டன் என்ற அரசவைப் பிரபுவின் வாரிசிடமிருந்து வாங்கியவை. ஹேட்டனின் சின்னத்தை மறைக்கச் செலவாகும் என்று சொல்லி 5 பவுண்டு குறைக்கச் சொன்னார் பெஸ். பிறகு அதிலிருந்த பெண்மான்களுக்குக் கொம்பு வரைந்து, தன் இரண்டாவது கணவரான கேவண்டிஷின் குடும்பச் சின்னமாக்கிவிட்டார்!

இவ்வளவும் யாருக்கு? அரசி அங்கே வரவே இல்லை. ஆனால் அரசியாகக்கூடிய ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பெஸ்ஸின் மகள்வழிப் பேத்தி அர்பெல்லா ஸ்டூவர்ட். 1575-இல் பிறந்தவள். அப்பா வழியில் அரச ரத்தம். ஏழு வயதுக்குள் அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள். புது வீடு எழும்பிக்கொண்டிருந்த 1592-இல், பேத்தி தன் படுக்கையறையில்தான் தூங்குகிறாள் என்று அரசியின் அமைச்சர் பர்லிக்குக் கடிதம் எழுதுகிறார் பாட்டி. அப்போது அவளுக்கு 16, 17 வயது. பாசம் என்றும் படிக்கலாம். காவல் என்றும் படிக்கலாம்.

27 வயதில் அர்பெல்லா ரகசியமாகத் தன் கல்யாணத்துக்குத் தூது அனுப்பினாள். விஷயம் அரண்மனைக்குப் போனது. 1603 ஜனவரியில் விசாரிக்க வந்தார் ஹென்றி பிரவுன்கர். பாட்டியும் பேத்தியும் அப்போது நீள்கூடத்தில் உலாவிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், மழை நாளில் நடப்பதற்கென்றே கட்டியது. பிரவுன்கர் பேசிக்கொண்டே பாட்டியைத் தூர முனைக்கு நடத்திப்போய்ப் பேத்தியிடமிருந்து பிரித்தார். மறைப்பு இல்லாத அறை. ஆனால் அந்த நீளமே அவருக்குக் கதவாக உதவியது.

மார்ச்சில் தாய்மாமன் ஹென்றி கேவண்டிஷ் ஆட்களோடு வந்து அழைத்தார். பாட்டி அவளை வாசல் தாண்ட விடவில்லை. அதே மாதம் அரசி இறந்தார்; கிரீடம் ஜேம்ஸுக்குப் போனது. அர்பெல்லா கடைசியில் 1610-இல் ஒருவரை மணந்தாள், ஆண் வேஷத்தில் தப்பி ஓடினாள், பிடிபட்டாள், 1615-இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தாள்.

பெஸ்ஸின் வாரிசுகளுக்குச் சாட்ஸ்வொர்த் மாளிகைதான் பிடித்தது. ஹார்ட்விக்கை யாரும் பெரிதாக மாற்றவில்லை, அதனால்தான் பிழைத்தது. 1959 முதல் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. 1601-இல் எடுத்த பொருள் பட்டியலை வைத்து இன்றும் அறை அறையாக ஒப்பிடலாம். கட்டில், திரை, மெத்தை எல்லாம் கணக்கில் இருக்கிறது. கட்டடக் கலை மாணவர்கள் ஜன்னல்களை எண்ணட்டும். நான் இந்தத் தரைப்படத்தில் தேடுவது, பாட்டியின் கண்ணில் படாமல் அர்பெல்லா ஒரு கடிதம் எழுதியிருக்கக்கூடிய மூலையை.